சீமைக்கருவேலம்

சீமைக்கருவேலம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த முள்மரம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவை இதன் தாயகம். தமிழ்நாட்டில் வேலிக்கருவை, வேலிகாத்தான் எனப் பல பெயர்கள் உண்டு. தாவரவியலார் நெடுங்காலம் புரோசாபிஸ் ஜூலிஃப்ளோரா என்று குறித்தனர். 2022-இல் அந்தப் பேரினம் பிரிக்கப்பட்டபின் நெல்ட்டுமா ஜூலிஃப்ளோரா என்கின்றனர். மனிதர் கொண்டுவந்து விட்டபின் தானாகப் பரவி, அந்த மண்ணின் உயிர்களையும் மக்களின் பிழைப்பையும் நெருக்கும் அயல் இனங்கள் ஆக்கிரமிப்பு இனங்கள் எனப்படும். பல்லுயிர் குறித்த பன்னாட்டு அரசுகளின் அறிவியல் மன்றமான ஐபிபிஇஎஸ் 2023-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் இவ்வகையில் 3,500-க்கும் மேற்பட்ட இனங்கள் இருப்பதாகக் கணக்கிட்டது. அவற்றில் பல கப்பலிலும் சரக்கிலும் யாரும் அறியாமல் வந்து சேர்ந்தவை. சீமைக்கருவேலமோ அரசுகள் விரும்பி அழைத்து வந்த விருந்தாளி.

1876-இல் சென்னை மாகாண வனக் காப்பாளராக இருந்த கர்னல் பெடோம் இதன் விதைகளைத் தருவிக்கக் கோரினார். மறு ஆண்டு கடப்பைப் பகுதியில் விதைத்தார்கள். வறண்ட சீமையில் விறகுப் பஞ்சத்தைத் தீர்ப்பதே நோக்கம். ராஜஸ்தானத்தின் மார்வாட் சமஸ்தானம் 1940-இல் இதை அரச மரியாதைக்குரிய மரமாகவே அறிவித்தது. 1961-இல் கட்ச் பாலைவன ஓரத்தில் உப்பு மண் பரவுவதைத் தடுக்க, குஜராத் வனத்துறை சுமார் 31,550 ஹெக்டேரில் இதை நட்டது. ஆசியாவின் பெரிய புல்வெளிகளுள் ஒன்றான பன்னியை அது விழுங்கத் தொடங்கியது அப்படித்தான். எருமை மேய்த்துப் பிழைத்த மால்தாரிகள் இன்று அதைப் ‘பைத்தியக்காரக் கருவை’ என்கிறார்கள். இலங்கையில் அம்பாந்தோட்டைப் பகுதியின் உவர் நிலத்தைத் திருத்தக் கொண்டுவரப்பட்டு, நீர்ப்பறவைகளுக்குப் பேர்போன புந்தல தேசியப் பூங்காவுக்குள் புகுந்தது.

இந்த மரத்தின் வெற்றி அதன் நெற்றில் தொடங்குகிறது. ஒரு சாண் நீளமுள்ள வெளிர் மஞ்சள் நெற்று, உள்ளே இனிப்பான சதை. கோடையில் வேறு தீனி இல்லாத ஆடும் மாடும் உதிர்ந்த நெற்றைத் தேடிப் பொறுக்கும். சதை செரிக்கும், கடினமான ஓடு மூடிய விதை செரிக்காது. வயிற்றின் அமிலத்தில் ஓடு சற்றே தேய்ந்து, சாணத்தோடும் புழுக்கையோடும் எருவுடன் சேர்ந்தே வெளியே விழும். பட்டி போட்ட கொல்லையிலும் மந்தை நடந்த தடத்திலும் அடுத்த மழைக்கு முளைத்து நிற்கும். முளைத்த கன்று மேலே வளருமுன் ஆணிவேரைக் கீழே இறக்கிவிடும். இலையை ஆடு விரும்பித் தின்பதில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகள் வழியே தானே எடுத்துக்கொள்வதால் சத்தற்ற மண்ணும் அதற்குப் போதும். அரிவாளால் வெட்டினால் தூரிலிருந்து பத்துக் கிளைகள் வெடிக்கும். தரையோடு வெட்டுவது ஒழிப்பதல்ல, புதராக மாற்றுவதே.

புதர் அடைந்த இடத்தில் புல் அற்றுப்போகிறது. நிழலும் தண்ணீர்ப் போட்டியும் ஒரு காரணம். உதிரும் இலையிலுள்ள வேதிப்பொருள்கள் பிற விதைகளின் முளைப்பைத் தடுப்பது இன்னொன்று. கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும் திறந்த புல்தரை இப்படித்தான் சுருங்கியது. வெளிமான் முட்புதரில் வாழும் பிராணி அல்ல, ஓடவும் தொலைவு பார்க்கவும் அதற்கு வெட்டவெளி வேண்டும். அதேசமயம் இராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுவதற்கு இந்த மரத்தையும் பயன்படுத்துகின்றன. கண்மாயிலிருந்த நாட்டுக் கருவேலம் குறைந்துபோன இடத்தில், கிடைத்ததைப் பறவை எடுத்துக்கொண்டது.

மரத்தின் மேல் சுமத்தப்படும் குற்றங்கள் எல்லாம் உண்மையல்ல. காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது, ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவைக் கக்குகிறது, அருகே கட்டிய மாட்டை மலடாக்குகிறது என்ற செய்திகள் வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் சுற்றுகின்றன. பச்சை இலையுள்ள எந்த மரமும் செய்வதைத்தான் இதுவும் செய்கிறது, ஒளிச்சேர்க்கையில் விதிவிலக்கு ஏதுமில்லை. நிலத்தடி நீரை மிகுதியாக எடுக்கும் என்பது மெய். நெற்றை மட்டுமே அளவுக்கு மீறித் தின்ற கால்நடைக்குத் தாடையும் செரிமானமும் கெடும் என்பதும் மெய். மெய்யான குற்றப்பட்டியலே போதுமான நீளம் உடையது. பொய்யையும் சேர்த்தால், கண்மாய் தூர்ந்ததற்கும் வரத்துக்கால் அடைபட்டதற்கும் யார் பொறுப்பு என்ற கேள்வியிலிருந்து எல்லாரும் தப்பித்துக்கொள்ள வழி கிடைக்கிறது. இராமநாதபுரத்தில் பெருவாரியான புதர் நிற்பது விவசாயம் கைவிடப்பட்ட தரிசிலும் தண்ணீர் வராத கண்மாயிலும்தான்.

அந்தத் தரிசில் ஒரு தொழிலும் வளர்ந்தது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் வானம் பார்த்த ஊர்களில் மழை பொய்த்த ஆண்டுகளில் கைக்காசு தந்தது கரிமூட்டம். வெட்டிய கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண் பூசி மூடி நெருப்பிடுவார்கள். காற்று அதிகம் புகுந்தால் கட்டை சாம்பலாகும், புகாவிட்டால் வேகாது. அதனால் இரவும் பகலும் ஒருவர் காவல் இருந்து, மண் விரிந்த இடத்தை அடைத்து, துளையைத் திறந்து மூடுவார். முதலில் வரும் அடர்ந்த வெள்ளைப் புகை கட்டையின் ஈரம். புகை மெலிந்து நீலம் பாய்ந்தால் கரி வெந்துவிட்டது என்று கணக்கு. உயிர்ப்பொருள் மின்நிலையங்களும் இந்த விறகை வாங்குகின்றன. இதன் இருண்ட பக்கம் மரம் வெட்டும் கூலிகளின் நிலை. முன்பணக் கடனில் சிக்கிக் கொத்தடிமைகளாக மரம் வெட்டிய இருளர் குடும்பங்கள் வட மாவட்டங்களில் பலமுறை மீட்கப்பட்டுள்ளன.

2017-இன் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரத்தை விரைந்து அகற்ற உத்தரவிட்டது. மாவட்டந்தோறும் ஜேசிபி இறங்கியது. சூழல் விளைவை ஆராயாமல் ஒட்டுமொத்தமாக அழிப்பதை எதிர்த்த வழக்கில், அதே ஆண்டு ஏப்ரலில் நீதிமன்றமே இடைக்காலத் தடை விதித்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்கள், சூழல் மீட்பு குறித்த கொள்கையை வெளியிட்டது. உண்ணிச்செடி முதலியவற்றோடு சீமைக்கருவேலமும் அதில் அடக்கம். அகற்றலையும் மீட்பையும் ஒரே தலைப்பில் வைத்ததே அக்கொள்கையின் சரியான அம்சம்.

பிற நாடுகளும் இதே சிக்கலில் கைவைத்துள்ளன. கென்யாவின் பாரிங்கோ ஏரிக்கரையில் 1980-களில் நட்ட மரம் மேய்ச்சலை அழித்ததாக இல்சாமுஸ் மக்கள் வழக்குத் தொடுத்து, நெற்றுத் தின்று பல் விழுந்த ஆட்டை 2006-இல் நீதிமன்றத்துக்கே கொண்டுவந்தனர். தென்னாப்பிரிக்கா இந்த இனத்தின் உறவு மரங்களுக்கு எதிராக 1987-இல் விதை தின்னும் வண்டை விட்டது. மரத்தையே கொல்லும் பூச்சியைத் தேர்ந்தெடுக்கவில்லை, நெற்றைத் தீவனமாக நம்பிய பண்ணையார்கள் இருந்ததே காரணம். குஜராத் அரசு பன்னியில் கரி சுட இருந்த தடையை 2004-இல் நீக்கி, 2008-இல் மீண்டும் விதித்தது. ஒழிக்க வேண்டிய மரத்தில் ஒரு தரப்பின் அடுப்பு எரிவதால் கொள்கை முன்னும் பின்னும் ஆடுவது எங்கும் பொது.

அகற்றும் முறையில் பெரிய ரகசியம் இல்லை. தூரோடு பெயர்க்க வேண்டும், கண்மாய் வறண்டிருக்கும்போது செய்ய வேண்டும், நெற்று முதிருமுன் முடிக்க வேண்டும். மண்ணில் புதைந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு இருப்பதால், உண்மையான வேலை இயந்திரம் கிளம்பிப்போனபின் தொடங்குகிறது. முதல் மழைக்குப் பின் எழும் நாற்றைக் கையால் பிடுங்கலாம். ஓராண்டு விட்டால் மண்வெட்டி வேண்டும், அதற்கு மேல் மறுபடியும் ஜேசிபிதான். இடைப்பட்ட காலத்தில் அங்கே பயிரோ புல்லோ நாட்டு மரமோ ஏறியிருக்க வேண்டும், நெற்றுத் தின்ற மந்தையை உள்ளே விடக்கூடாது. கண்மாய் மரத்தை ஏலம் எடுப்பவருக்கு விறகின் மேல்தான் உரிமை, பின்னர் முளைக்கும் நாற்றின் மேல் பொறுப்பில்லை. ஏலத்தொகையில் ஒரு பகுதியை அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு நாற்றுப் பிடுங்கும் கூலியாக ஒதுக்கும் ஊராட்சிகள் அரிது.