ஓசூர்க் கடிகாரத் தொழிலும் ‘இரேடியம்’ என்னும் சொல்லும்

இருளில் ஒளிரும் முகப்புடைய கடிகாரத்தை இரேடியக் கடிகாரம் என்பது தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கு. ஓசூர், கிருட்டிணகிரி நெடுஞ்சாலைகளிற் செல்லும் வண்டிகளில் ஒட்டப்பெறும் ஒளித்தாளும் இரேடியம் என்றே வழங்கும். அத்தாள் தன்மேற்பட்ட ஒளியைத் திருப்புவதன்றித் தானே ஒளிர்வதன்று. அதன்கண் இரேடியம் சிறிதும் இல்லை. ஒப்புமை பற்றிய ஆகுபெயர் என இதனை அமைக்கலாம். ஆயின், இப்பெயர்க்குப் பின்னே தொழிலாளர் துன்ப வரலாறு ஒன்று உண்டு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரேடியத்தைத் துத்தநாகச் சல்பைடுடன் கலந்து ஒளிவண்ணம் ஆக்கினர். அமெரிக்காவின் நியூசெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரில் இளம்பெண்கள் அதனாற் கடிகார எண்களைத் தீட்டினர். தூரிகை நுனியை உதட்டாற் கூராக்குதல் அங்குப் பயிற்றப்பட்ட முறை. உட்சென்ற இரேடியம் சுண்ணம்போல் எலும்பிற் சென்று தங்கிற்று, தாடை எலும்பு அழிந்தது, குருதி குன்றிற்று. 1924இல் ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்துச் செசில் டிரிங்கரைக் கொண்டு நிறுவனமே ஆராய்வித்தது. அவர் தீங்கு உண்டென்றார். நிறுவனமோ பெண்கள் நலமுடையர் எனக் காட்டும் திரிந்த வடிவையே மாநிலத் தொழிலாளர் துறைக்கு அளித்தது. பாடவேறுபாடு ஏடெழுதுவோர் சோர்வால் நேர்வதென்றே யாம் பயின்றுள்ளோம். ஈண்டு அது வாணிக நோக்கால் நேர்ந்தது! மூல அறிக்கை 1925இல் வெளிவந்தது. வழக்குத் தொடுத்த பெண்கள் ஐவர்க்கும் 1928இல் இணக்கத்தின்வழித் தலைக்கு 10,000 டாலரும் ஆண்டுதோறும் 600 டாலரும் மருத்துவச் செலவும் உடன்பட்டனர்.

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இரேடியத்தால் வரும் நோயைத் தன் மூன்றாம் அட்டவணையிற் சேர்த்தது. அந்நோய் தோன்றின் மேலாளர் அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதியாக இருந்தது. நோயை மறைத்தற்கு இடமின்மையே இதன் சிறப்பு என்க.

ஓசூரில் கடிகாரத் தொழில் பிற்பட்டே தோன்றியது. டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் கூடி 1984இல் டைட்டனைத் தோற்றுவித்தன. அதற்குள் உலகக் கடிகாரத் தொழிலில் இரேடியம் பெரிதும் கைவிடப்பட்டிருந்தது. 1993இல் சப்பானிய நெமோட்டோ நிறுவனம் கதிரியக்கமில்லா ஒளிவண்ணத்தை உருவாக்கிற்று. ஆகவே ஓசூர் பெற்றது பெயரை மட்டுமே எனல் பொருந்தும்.

எனினும், பழைய கடிகாரம் பழுது பார்ப்போர்க்கு இப்பெயர் இடர் விளைக்கும். தாளும் இரேடியம், நஞ்சும் இரேடியம் எனின், எதனை அஞ்சுவது? பழைய முகப்பின் ஒளி அவிந்தது சல்பைடு சிதைந்தமையாலேயே; இரேடியம் பாதியாகக் குறைதற்கே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் செல்லும். ஒளியற்ற அவ்வண்ணத்தைச் சுரண்டி வாயால் ஊதுவோர் அந்நஞ்சையே மூச்சில் ஏற்பர்.