குறுக்கே சென்ற கரும்பூனை

கிள்ளான் துறைமுகத்தை அடுத்த பண்டமாரானில் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் அண்டை வீட்டாராய் வாழ்கின்றனர். அங்காடிக் கடைகளின் அடியிலும் கடைவரிசை நடைபாதைகளிலும் படுத்துறங்கும் பூனைகளுக்கு இன வேறுபாடு தெரியாது. ஆயினும், அவற்றுள் கருநிறப் பூனை ஒன்று வீதியைக் கடக்குமாயின், தமிழர் பலர் கால் தயங்கி நிற்பர். சிலர் வீடு திரும்பித் தண்ணீர் அருந்திய பின்னரே மீண்டும் புறப்படுவர். மலாய்க்காரரிடமும் சீனரிடமும் வழங்கும் அச்சம் வேறு: இறந்தவர் உடலைக் கரும்பூனை தாண்டிவிடலாகாது என்பர். 1901ஆம் ஆண்டு போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் இத்துறைமுகம் திறக்கப்பட்டபோது இங்கு வரத் தொடங்கிய பிரிட்டிஷ் கப்பல்களின் மாலுமிகளோ, கரும்பூனையை நற்பேற்றின் அறிகுறியாகக் கருதும் மரபினர். பூனை ஒன்றே, அதன்மேல் ஏற்றப்பட்ட பலன்களே வேறு வேறு.

பண்டைத் தமிழர் இவ்வுயிரை எவ்வாறு நோக்கினர்? பூசை, பூஞை என்பன பூனையின் பழம்பெயர்கள். வெருகு என்பது காட்டுப்பூனை. தொல்காப்பிய மரபியல், எலி, அணில் ஆகியவற்றோடு வெருகையும் சேர்த்து, அதன் இளமைப் பெயர் குட்டி என வரையறுக்கிறது. பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், முல்லை அரும்புக்கு வெருகுக்குட்டியின் கூரிய பற்களை உவமையாக்குகிறார். ஒக்கூர் மாசாத்தியாரோ, அரும்பு விரிவதை வெருகின் சிரிப்பாகவே காண்கிறார். மாணவர் இவ்விரு பாடல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தல் நன்று. திருப்பரங்குன்றத்துச் சித்திரங்களை விவரிக்கும் பரிபாடலில் இந்திரன் பூனையுருவில் வருகிறான். மாமல்லபுரத்துப் பல்லவர் சிற்பத் தொகுதியில் எலிகள் சூழத் தவம் செய்யும் பூனையைக் காணாதார் அரியர். கம்பரோ அவையடக்கத்தில் தம்மையே பூனையாக்கிக் கொண்டார்; பாற்கடலை நக்கிக் குடித்துவிட முனைந்த பூனை தாம் என்றார். இவற்றுள் எங்கும் பூனை தீச்சகுனமாகக் கூறப்படவில்லை.

சகுனம் என்னும் வடசொல்லுக்கே பறவை என்பது பொருள். தமிழில் புள் என்னும் சொல்லும் பறவையையும் நிமித்தத்தையும் ஒருங்கே குறிக்கும். ஆகவே, நிமித்தம் பார்க்கும் வழக்கம் பறவையின் பறப்பையும் குரலையும் பற்றி வளர்ந்ததெனக் கொள்ளலாம். அவ்வழக்கம் பழமையானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதனைப் புறக்கணித்த குரலும் அதே அளவு பழமையானது. குறுந்தொகையில் கொற்றனார் படைத்த பெண், புள் நிமித்தமும் பாரோம், விரிச்சி கேட்டும் நில்லோம் என்ற கருத்துப்படப் பேசுகிறாள். சகுனத்தை மறுப்பது மேனாட்டுக் கல்வியால் வந்தது என்பார், இப்பாடலை நோக்குதல் வேண்டும்.

ஐரோப்பாவில் கதை வேறு. 1233இல் போப்பாண்டவர் ஒன்பதாம் கிரகோரி விடுத்த மடலொன்று, சமயப் புறம்பினரின் சடங்கில் கரும்பூனை இடம்பெறுவதாகக் குற்றஞ்சாட்டியது. அம்மடலால் பூனைகள் அழிந்து, எலிகள் பெருகி, அதனாலேயே கொள்ளைநோய் பரவியது எனச் சிலர் எழுதுவர். மடல் பூனைகளைக் கொல்ல ஆணையிடவில்லை. இக்கதைக்குச் சான்றும் இல்லை. ஒரு மூடநம்பிக்கையை மறுக்க இன்னொரு கட்டுக்கதை தேவையில்லை.

கருமைக்குக் காரணம் மரபணுவே. 2003இல் வெளிவந்த ஆய்வொன்று, வீட்டுப் பூனையின் கருநிறத்திற்குரிய மரபணு மாற்றத்தைக் கண்டுரைத்தது. அம்மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் குட்டி கறுப்பாகும். எனவே வரிப்பூனைகள் இரண்டிற்கும் கருங்குட்டி பிறத்தல் கூடும். இதே கருமை, மலேசியத் தீபகற்பக் காடுகளில் சிறுத்தைக்கு இயல்பான நிறமாகவே அமைந்துள்ளது. அக்காடுகளில் வாழும் சிறுத்தைகள் ஏறத்தாழ எல்லாமே கருஞ்சிறுத்தைகள். அகச்சிவப்பு ஒளியில் படம் பிடித்தால் அவற்றின் மேனிப் புள்ளிகள் புலனாகும். கானகத்தில் வியந்து போற்றப்படும் நிறம் தெருவில் இகழப்படுகிறது.

பூனைக்கு இதனால் நேரும் தீங்கு ஒருபுறமிருக்க, சகுனப் பட்டியலில் அதன் அருகே இடம்பெற்றிருப்பவர் யாவர் என்பதையும் நோக்குதல் வேண்டும். எண்ணெய்க் குடம், விறகுச் சுமை, ஒற்றைப் பிராமணன் ஆகியவற்றோடு கைம்பெண்ணும் அங்கு நிறுத்தப்பட்டாள். மகளைப் பெற்று வளர்த்த தாயே அம்மகளின் மணவறைக்கு எதிரே வரலாகாது என்று ஒதுக்கி வைத்த கொடுமை, பூனையைக் கல்லெறிந்து விரட்டும் மனத்தின் மறுபக்கமேயாகும். 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கிய பெரியார் ஈ.வெ.ரா. மலாயாத் தமிழரிடையே பகுத்தறிவுக் கருத்துகளைப் பரப்பினார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். சடங்கு நீங்கிய திருமணமும் கைம்பெண் மறுமணமும் சீர்திருத்த மேடைகளின் பேசுபொருளாயின. இன்று விதவைத் தாயரே முன்னின்று மக்களின் திருமணத்தை நடத்தும் குடும்பங்கள் இந்நாட்டில் பல உண்டு. அவற்றுள் சிலவற்றின் வாயிலில், மணநாள் காலையில் கரும்பூனை தென்பட்டால் இன்னும் யாரேனும் ஒருவர் துடைப்பத்தைத் தேடுகின்றனர்.