கொள்ளை நோயும் கொட்டகையும்

1918ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூயார்க் நகரின் ஸ்ட்ராண்ட் அரங்கில் சார்லி சாப்ளினின் 'ஷோல்டர் ஆர்ம்ஸ்' என்னும் படம் ஓடிக்கொண்டிருந்தது. நகரில் விஷக்காய்ச்சல் வீடு வீடாகப் பிணம் விழச் செய்துகொண்டிருந்த வாரங்கள் அவை. ஆயினும் மக்கள் வந்தனர். போர்க்களத்தின் பதுங்குகுழியில் அல்லற்படும் அந்தக் குறும்பனைக் கண்டு சிரிக்கத் திரண்டு வந்தனர். அரங்கின் மேலாளர் ஹெரால்ட் எடெல் நெகிழ்ந்து போனார். உயிரைப் பணயம் வைத்து மக்கள் வருகிறார்களே, ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டோ என்னும் பொருள்படத் திரைத்தொழில் இதழொன்றில் அவர் கருத்துரைத்தார். அச்சொற்கள் அச்சேறிய நாட்களிலேயே அதே காய்ச்சல் அவர் உயிரையும் கொண்டுபோயிற்று.

ஒரு கலையின் இக்கட்டு முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சிக்குள் அடங்கியிருக்கிறது. கவிதையைத் தனியே அமர்ந்து படிக்கலாம். ஓவியத்தை ஒருவராக நின்று காணலாம். திரைப்படமோ கூட்டத்தை நம்பி வளர்ந்த கலை. முன்பின் அறியாத ஆயிரம் பேர் ஒரே இருளில் ஒரே காற்றை உள்வாங்கி ஒன்றாகச் சிரிப்பதே அதன் இன்பம். காற்றில் பரவும் நோய் வந்துவிட்டால் அந்த இன்பமே குற்றமாகிவிடுகிறது. ஆனால் குற்றத்துக்குரிய தண்டம் படத்தை எடுத்தவர் மீதும் அதைக் காட்டுபவர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. படச்சுருள் பெட்டிக்குள் காத்திருக்கும். கொட்டகையால் காத்திருக்க இயலாது. 1918இல் நடந்ததையும் 2020இல் நடந்ததையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு முதலில் தென்படுவது இவ்வேறுபாடுதான்.

முதல் உலகப்போரின் கடைசி மாதங்களில் பரவிய அந்த இன்ஃபுளுவென்சா அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6,75,000 பேரைக் கொன்றது. இந்தியாவில் மாண்டோர் தொகை ஒரு கோடியைத் தாண்டும் என்பர். பிலடெல்பியா நகரில் போர்க்கடன் பத்திரங்களை விற்பதற்காக 1918 செப்டம்பர் 28ஆம் நாள் ஒரு பேரூர்வலம் நடத்தினார்கள். சுமார் 2 லட்சம் பேர் தெருக்களில் நெருக்கியடித்து நின்றனர். ஒரு வாரத்துக்குள் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. பள்ளி, தேவாலயம், நாடக மேடை, திரைக்கொட்டகை ஆகிய அனைத்தையும் மூடும் ஆணை அதற்குப் பின்னரே வந்தது.

நாடு முழுவதற்குமான ஒரே ஆணை என்று எதுவும் இருக்கவில்லை. ஒவ்வொரு நகரும் தன் விருப்பப்படி அடைத்தது, தன் விருப்பப்படி திறந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அக்டோபர் 11ஆம் நாள் சாத்திய கதவுகள் டிசம்பர் 2ஆம் நாள்தான் திறந்தன. சான் பிரான்சிஸ்கோவில் ஏறத்தாழ நான்கு வாரத்தில் திறந்துவிட்டார்கள். வந்தவர்கள் முகத்திரை அணிந்து வந்தனர். நியூயார்க்கின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லண்டு வேறு வழியில் சென்றார். காற்றோட்டமுள்ள நல்ல அரங்குகளை மூடவேண்டியதில்லை, அவற்றிலேயே மக்களுக்கு நோய் பற்றிய அறிவைப் புகட்டலாம் என்பது அவர் துணிபு. தூய்மையற்ற சிறு கொட்டகைகளை மட்டும் மூடச் செய்தார். மற்றவற்றில் புகைபிடிக்கத் தடை விதித்தார். இருமுவோரை வெளியேற்றச் சொன்னார். வண்டிகளில் நெரிசல் சேராதபடி காட்சி நேரங்களை மாற்றி அமைத்தார். எடெலின் அரங்கு திறந்திருந்தது இதனால்தான். கோப்லண்டின் முடிவு சரியா தவறா என்பது இன்றளவும் வாதத்துக்குரியது. எடெலின் சாவை மட்டும் காட்டி அதைத் தவறு என்றுவிடுவது எளிது. பிலடெல்பியா கொட்டகைகளை மூடியும் நியூயார்க்கைவிட மிகுதியாகப் பாதிக்கப்பட்டது என்பதையும் உடன் நினைக்கவேண்டும்.

அந்நாளில் படங்கள் வெளிவந்த முறையை அறியாமல் அடைப்பின் விளைவை விளங்கிக்கொள்ள முடியாது. ஒரே நாளில் நாடெங்கும் ஆயிரக்கணக்கான திரைகளில் ஒரு படம் தோன்றும் வழக்கம் அப்போது இல்லை. பெருநகரத்தின் சிறந்த அரங்குகளில் முதலில் ஓடி, பிறகு சிறு அரங்குகளுக்கும் சிற்றூர்களுக்கும் படச்சுருள் இரயிலேறிப் போகும். பல கொட்டகைகளில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை படம் மாறும். ஏறக்குறைய நாளிதழ் போலத் தடையின்றி வந்துகொண்டிருக்கவேண்டிய சரக்கு அது. ஓடிக்கொண்டிருந்த ஆற்றில் திடீரென மதகு இறங்கியது போலாயிற்று. முன்னே கொட்டகைகள் மூடிக்கிடக்கப் பின்னேயிருந்து படங்கள் வந்து குவியத் தொடங்கின. அமெரிக்கத் திரைத்தொழிலின் தேசியச் சங்கம் கூடி, அக்டோபர் நடுவிலிருந்து நான்கு வாரங்களுக்குப் புதிய படம் எதையும் வெளியிடுவதில்லை என்று முடிவு செய்தது. படப்பிடிப்புத் தளங்கள் பலவும் ஓய்ந்தன. ஹெரால்ட் லாக்வுட் என்னும் புகழ்பெற்ற நாயக நடிகர் அக்டோபர் 19இல், 31ஆம் வயதில், நோய்க்கு இரையானார். அவர் நடித்துக்கொண்டிருந்த படத்தை வேறொருவரை நிறுத்தி முடித்தார்கள். சாப்ளினின் படம் வெளிவந்ததும் இந்தத் தடைக்காலத்தினுள்ளேதான்.

இனிக் கொட்டகைக்காரரின் நிலையைக் காண்போம். கட்டட வாடகை நிற்கவில்லை, கடனுக்கு வட்டி நிற்கவில்லை. ஊமைப்படக் காலமாதலால் பியானோ வாசிப்பவர் முதல் வாத்தியக் குழுவினர் வரை ஒவ்வொரு அரங்கையும் நம்பிப் பிழைத்தோர் பலர். திரை அணைந்த அன்றே அவர்களது இசையும் கூலியும் நின்றன. வெறுமனே கிடக்க மனமின்றிச் சிலர் கொட்டகைக்கு வெள்ளையடித்தார்கள், நாற்காலிகளைப் பழுது பார்த்தார்கள். கடைகளில் கூட்டம் அலைமோத எங்களை மட்டும் அடைப்பது எந்த நியாயம் என்ற முறையீடு பல நகரங்களில் எழுந்தது. அது வெறும் தன்னலக் கூக்குரல் அன்று. பொழுதுபோக்கு என்றால் முதலில் நிறுத்தத்தக்கது என்னும் எண்ணம் ஆள்வோர் மனத்தில் எக்காலத்தும் இருக்கிறது. அதை நம்பி அடுப்பெரிப்போர் அவர்கள் கணக்கில் வருவதில்லை.

நவம்பர் 11ஆம் நாள் போர் ஓய்ந்தது. மகிழ்ச்சியில் உலகம் திளைக்க, பட முதலாளிகள் சிலர் முகம் சுருங்கிற்று. கிடங்கில் தேங்கியிருந்த போர்ப்படங்கள் ஒரே நாளில் பழஞ்சரக்காயின. நான்கு வாரம் தள்ளிப்போட்ட படம் நான்காண்டு மூப்படைந்துவிட்டது. படம் காத்திருக்கும் என்று மேலே கூறியதற்கு இஃதொரு விலக்கு.

இதன் பிறகு நிகழ்ந்ததே வரலாற்றாசிரியர் மிகுதியும் கவனிக்கும் பகுதி. பாரமவுண்ட் படங்களின் அதிபரான அடோல்ப் சூக்கர், 1919இல் கூன் லோப் என்னும் வங்கி நிறுவனத்தின் வழியே ஒரு கோடி டாலர் திரட்டி அரங்குகளை வாங்கத் தொடங்கினார். எடுப்பவரே வெளியிடுபவராகவும் காட்டுபவராகவும் ஆகும் அமைப்பு இவ்வாறு வேர்விட்டது. இவையெல்லாம் காய்ச்சலின் விளைவே என்று எழுதுவோர் உண்டு. அது மிகை. கொட்டகைக்காரர்கள் 1917லேயே ஒன்றுகூடி ஃபர்ஸ்ட் நேஷனல் என்னும் கூட்டமைப்பைத் தொடங்கிப் பாரமவுண்டை எதிர்த்து நின்றனர். சாப்ளினின் படங்களை வெளியிட்டவர்களும் அவர்களே. போட்டி முன்பே மூண்டிருந்தது. வாரக்கணக்கில் வருமானமின்றி நின்ற சிறு முதலாளிக்கு விற்றுவிடலாம் என்ற எண்ணத்தை நோய் விரைவுபடுத்தியது என்று சொல்வதே பொருந்தும். 1930 அளவில் பாரமவுண்டின் பிடியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அரங்குகள் இருந்தன. தயாரிப்பையும் அரங்கையும் பிரிக்க வழிசெய்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு 1948இல்தான் வந்தது.

நூற்றிரண்டு ஆண்டுகளுக்குப் பின் கொள்ளை நோய் மீண்டும் வந்தபோது படவெளியீட்டின் இயல்பே மாறியிருந்தது. பெரும்பொருட்செலவில் எடுத்த படம் உலகெங்கும் ஒரே வாரத்தில் வெளியாகவேண்டும். விளம்பரத்துக்கே கோடிகள். எந்த வெள்ளிக்கிழமை எந்தப் படத்துக்கு என்பதை ஆண்டுக்கணக்கில் முன்னதாகவே பங்கிட்டுக் கொள்வார்கள். 2020 ஜனவரி 23இல், சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு, அங்கே விழாக்காலப் படங்கள் அனைத்தும் ஒரே நாளில் திரும்பப் பெறப்பட்டன. ஏறத்தாழ 70,000 திரைகள் ஜூலை வரை இருண்டன. மார்ச் 4இல் ஜேம்ஸ் பாண்டு படமான 'நோ டைம் டு டை' ஏப்ரலிலிருந்து நவம்பருக்குத் தள்ளிப்போடப்பட்டது.

ஒரு படம் நகர்ந்தால் மற்றவையும் நகரவேண்டும் என்பதற்கு மார்வெல் நிறுவனத்தின் அட்டவணை நல்ல சான்று. 2020 மே மாதம் வரவேண்டிய 'பிளாக் விடோ' நவம்பருக்குப் போனது. அந்நாள் 'எடர்னல்ஸ்' படத்துக்குரியது. அது 'ஷாங்-சி'யின் பிப்ரவரி நாளை எடுத்துக்கொண்டது. 'ஷாங்-சி' டாக்டர் ஸ்டிரேஞ்சின் மே நாளுக்குச் சென்றது. டாக்டர் ஸ்டிரேஞ்ச் 'தோர்' இருந்த நவம்பருக்கு. பந்தியில் ஒருவர் எழுந்து அடுத்த இலைக்கு மாற, வரிசை முழுவதும் எழுந்து நகர்ந்த கதைதான். அந்த நாட்களும் நிலைக்கவில்லை. நோயின் அலைகளுக்கேற்ப மேலும் மாறின.

படம் காத்திருந்தது. கொட்டகை? கிறிஸ்டபர் நோலனின் 'டெனட்' அரங்குகளைக் காக்க வந்த படமென ஆகஸ்டு இறுதியில் வெளியாயிற்று. அமெரிக்காவில் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அதைக் கண்ட பிற நிறுவனங்கள் தம் படங்களை மேலும் பின்னுக்கிழுத்தன. அக்டோபர் தொடக்கத்தில் பாண்டு படம் மறுபடியும் 2021க்குத் தள்ளப்பட்டது. உடனே சினிவேர்ல்டு நிறுவனம் அமெரிக்காவில் 536, பிரிட்டன், அயர்லாந்தில் 127 அரங்குகளை அடைத்தது. பாதிப்புற்ற ஊழியர் ஏறத்தாழ 45,000 பேர். சட்டம் பல இடங்களில் திறக்க இசைந்திருந்தபோதும் காட்டப் படமில்லாமல் அரங்குகள் மூடின. 1918இல் கொட்டகை மூடியதால் படம் நின்றது. 2020இல் படம் நின்றதால் கொட்டகை மூடியது. அவ்வாண்டு உலகத் திரையரங்குகளின் வசூல், முந்தைய ஆண்டின் 4,200 கோடி டாலரிலிருந்து ஏறத்தாழ 1,200 கோடிக்கு வீழ்ந்தது.

சூக்கருக்கு வாய்க்காத ஒன்று இம்முறை பட நிறுவனங்களுக்கு வாய்த்திருந்தது. கொட்டகையை வாங்கவேண்டியதில்லை, அதைத் தாண்டி வீட்டுக்கே போய்விடலாம். அரங்கில் வெளியாகி ஏறத்தாழ மூன்று மாதம் கழித்தே வீட்டுத்திரைக்கு என்ற அமெரிக்க மரபை யூனிவர்சல் நிறுவனம் 2020 ஏப்ரலில் ஒரு சிறுவர் படத்தின் மூலம் மீறியது. உங்கள் படங்களையே இனித் திரையிடோம் என்று சீறிய ஏ.எம்.சி. அரங்குக் குழுமம், ஜூலையில் 17 நாள் என்ற இடைவெளிக்கு ஒப்பியது. டிசம்பரில் வார்னர் நிறுவனம் தன் 2021ஆம் ஆண்டுப் படங்கள் அனைத்தும் அரங்கிலும் அமெரிக்க வீடுகளிலும் ஒரே நாளில் வரும் என அறிவித்தது. 1948 தீர்ப்பைத் தொடர்ந்த கட்டுப்பாடுகளை நீக்கும் நீதிமன்ற ஆணையும் 2020 ஆகஸ்டிலேயே வெளியானது. தற்செயல்தான், எனினும் வரலாறு சில வேளைகளில் இப்படிக் குறும்பு செய்கிறது.

தமிழகத்தில் 2020 மார்ச்சு நடுவில் அடைத்த அரங்குகள் நவம்பர் 10ஆம் நாள் திறந்தன. இடைக்காலத்தில் 'பொன்மகள் வந்தாள்' மே மாதம் நேரே இணையத் திரைக்குச் சென்றது. அரங்கு உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். 'சூரரைப் போற்று' நவம்பரில் அதே வழியில் சென்றது. அரங்குகள் திறந்து இரண்டே நாளாகியிருந்தன. தயாரிப்பாளர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. கடன் வாங்கி எடுத்த படத்துக்கு மாதந்தோறும் வட்டி ஏறுகையில் அது பெட்டிக்குள் எத்தனை நாள் உறங்கும்? தமிழ்ப்படம் ஹாலிவுட் படத்தைப் போல நெடுங்காலம் காத்திருக்கும் வசதி படைத்ததன்று. காத்திருந்த படம் 'மாஸ்டர்'. 2020 ஏப்ரலில் வரவேண்டியது, 2021 ஜனவரி 13இல் வந்தது. அதற்குச் சில நாள் முன்பு மாநில அரசு அனைத்து இருக்கைகளையும் நிரப்ப இசைந்தது. மத்திய அரசு மறுக்கவே பாதி இருக்கை என்ற விதி திரும்பியது. பொங்கலுக்கு மக்கள் வந்தார்கள். ஒன்றுவிட்டு ஒன்றாய் அமர்ந்து பார்த்தார்கள். வடபழனி ஏவி.எம். ராஜேஸ்வரியிலும், வடசென்னை மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாய்ப் படம் பார்த்த தண்டையார்பேட்டை அகஸ்தியாவிலும் அந்தப் பொங்கலுக்குத் திரை எழவில்லை.