நேசரி டீச்சருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?



அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை என்று கண்டியைச் சுற்றி நம்மவர்கள் வாழும் ஊர்களில் நேசரிக்குக் குறைவில்லை. அங்கு படிப்பிக்க வரும் பெண்பிள்ளைகள் பலர் சில வருடங்களில் விலகிவிடுகிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று சொல்லிவிட்டு நாமும் அடுத்த டீச்சரைத் தேடுகிறோம். கொஞ்சம் வரலாற்றைப் பார்த்தால் காரணம் வேறு என்று விளங்கும்.

1907இல் உரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் மரியா மொண்டிசோரி அம்மையார் தன் முதல் பாலர் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் கட்டணம் கட்டவில்லை. செலவைக் குடியிருப்பை நடத்திய நிறுவனம் ஏற்றது. ஆசிரியையும் அதே கட்டடத்திலேயே குடியிருந்தார். பெற்றோருக்கு இருந்த விதிகள் கொஞ்சம்தான்: பிள்ளையைச் சுத்தமாக, நேரத்துக்கு அனுப்ப வேண்டும், ஆசிரியையை மதிக்க வேண்டும், தாய் வாரம் ஒரு முறையாவது வந்து அவரோடு பேச வேண்டும்.

அந்த அம்மையார் 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். இன்று நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் 'மொண்டிசோரி' என்ற பெயர் இருக்கிறது. சம்பளத்தைப் பொறுப்பேற்ற அந்த ஏற்பாடு மட்டும் இங்கு வந்து சேரவில்லை.

1945இல் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை என்றார்கள். ஆனால் அந்தப் பாலர் வகுப்பு பாடசாலைக்குள் இருந்தது, ஐந்து வயதுப் பிள்ளைக்கு உரியது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளையின் ஆசிரியை அந்தக் கணக்கில் இல்லை.

1972 சீர்திருத்தத்தின்போது கல்வி அமைச்சராக இருந்தவர் கம்பளை சாஹிராவின் அதிபராகப் பணியாற்றிய பதியுதீன் மஹ்மூத் அவர்கள். அப்போது பாடசாலையில் சேரும் வயது ஐந்திலிருந்து ஆறாக உயர்ந்தது. 1977 ஆட்சி மாற்றத்தின் பின் அது மீண்டும் ஐந்தானது. வயது எப்படி மாறினாலும் அதற்கு முந்திய வருடங்கள் வீட்டின் பொறுப்பாகவே இருந்தன.

1987இல் 13ஆவது திருத்தம் முன்பள்ளிகளின் மேற்பார்வையை மாகாண சபைகளிடம் கொடுத்தது. மேற்பார்வை வந்தது, அரச ஆசிரியர்களுக்கு உள்ளது போன்ற சம்பளமும் ஓய்வூதியமும் வரவில்லை. பின்னாளில் ஒரு சிறு மாதாந்தக் கொடுப்பனவு வந்தது. பெரும்பாலான டீச்சர்மாரின் வருமானம் பிள்ளைகள் கட்டும் காசுதான். 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது அரச ஆசிரியர்களான நமக்குச் சம்பளம் வந்தது. கட்டணத்தை நம்பியிருந்த நேசரிக்கு வருமானமே நின்றது. 2022 நெருக்கடியில் முதலில் பிந்தியதும் பல வீடுகளில் நேசரிக் காசுதான்.

இது டீச்சரின் பிரச்சினை மட்டுமல்ல. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தன் பயத்தையோ வலியையோ சொல்லத் தெரியாது. டீச்சர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டு வாடகை பற்றிய கவலையோடு முப்பது பிள்ளைகளைத் தனியாகப் பார்ப்பவருக்கு அது எப்படி முடியும்? களைத்த டீச்சருக்கு மிக இலகுவானது பிள்ளைகளை உட்கார வைத்து 'அ' எழுத விடுவது. வகுப்பு அமைதியாகும், கொப்பி நிறைந்ததைப் பார்த்துப் பெற்றோரும் சந்தோஷப்படுவார்கள். கதை, பாட்டு, விளையாட்டு எல்லாம் போய்விடும். முதலாம் தரத்தில் பேசவே தயங்கும் பிள்ளையாக அது நம் வகுப்புக்கு வரும்.

அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்யலாம். பள்ளி நிர்வாகங்கள் நடத்தும் நேசரிகளில், கட்டணம் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் டீச்சரின் சம்பளம் மாத முடிவில் கிடைக்க ஒரு நிதி ஒதுக்கலாம். விடுமுறை மாதத்துக்கும் அது வர வேண்டும். பிள்ளைகள் கூடினால் உதவிக்கு இன்னொருவரை வைக்கலாம். பெற்றோர் கட்டணத்தைப் பிந்தாமல் கட்டலாம், மூன்று வயதில் எழுத்தைக் கேட்காமல் இருக்கலாம்.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நம் பிள்ளைகளின் முதல் டீச்சருக்கும் அது பொருந்தும்.