பறித்த கொப்பியும் ஹிரோஷிமாவின் வெறுங்கால் சிறுவனும்

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருக்கிற நேரம் வாசியுங்கள். பிள்ளைகளின் போனில் "எந்த நேரமும் ஜப்பான் கார்ட்டூன்" என்று கவலைப்படுகிற வாப்பாமார், உம்மாமார் கட்டாயம் வாசியுங்கள்.

போன தவணை தரம் 11 வகுப்பில் வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். பாடம் இரண்டாம் உலக மகா யுத்தம். கடைசி வாங்கில் ஒரு மாணவன் தலையைக் குனிந்தபடி ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். குறிப்பு எடுக்கிறான் என்று சந்தோசப்பட்டுக் கிட்டப் போனால், கொப்பியின் பின்பக்கம் முழுக்க நருட்டோ. நெற்றிப் பட்டியும் கன்னத்து மூன்று கோடுகளும் அச்சொட்டாக அப்படியே. கொப்பியைப் பறித்து மேசை லாச்சிக்குள் போட்டேன். "ஓ.எல். எழுதப் போற நேரத்தில கார்ட்டூனா?" என்று வகுப்புக்கு முன்னால் ஏசியும் விட்டேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், ஏசிய நானே ஓர் அனிமே பைத்தியம். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் விடுதி நண்பன் ஒருவனின் பழைய லெப்டொப்பில் ஆறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நருட்டோ பார்த்தவர்கள் நாங்கள். விடிந்தால் கற்பித்தல் பயிற்சி, ஆனாலும் "இன்னும் ஒரு எபிசோட்" என்று இரவு இரண்டு மணி வரை போகும்.

அன்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த யுத்தத்துக்கும் அவன் கொப்பியில் வரைந்துகொண்டிருந்த படத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவன் நான். அவனுக்குச் சொல்ல மறந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெற்றோரின் பயத்தைப் பற்றி. "இந்தப் படங்கள் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும்" என்கிறீர்கள். அந்தப் பயம் முழுக்கப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். வரலாறே அதற்குச் சாட்சி. ஜப்பானின் முதலாவது முழுநீள அனிமேப் படம் 1945 ஏப்ரலில் வெளியானது. பெயர் "மொமொதாரோ: கடலின் தெய்வீக வீரர்கள்". காசு போட்டது ஜப்பானியக் கடற்படை. மொமொதாரோ என்பது அந்நாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த நாட்டார் கதை வீரன். படத்தில் அவன் தலைமையில் கரடி, குரங்கு, நாய் எல்லாம் சிப்பாய்களாகி, தெற்குத் தீவு ஒன்றில் பரசூட்டில் குதித்து வெள்ளைக்காரரைச் சரணடைய வைக்கின்றன. அதில் ஒரு வகுப்பறைக் காட்சியும் உண்டு. தீவின் மிருகங்களை உட்கார வைத்து ஜப்பானிய எழுத்துகளைப் பாட்டாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பார்ப்பதற்கு மிக அழகான காட்சி. ஓர் ஆசிரியனாக எனக்கு அதைப் பார்க்கும்போது உடம்பு கூசியது. அடுத்தவன் நாட்டைப் பிடிப்பதை ஒரு பள்ளிக்கூடப் பாட்டு மாதிரிக் காட்டியிருக்கிறார்கள்.

அந்தத் தெற்குத் தீவுகளின் பட்டியலில் நாமும் இருந்தோம். பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே விமானந்தாங்கிக் கப்பல் படைதான் 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு போட்டது.

மொமொதாரோ வெளியான நேரம் நகரங்கள் எரிந்துகொண்டிருந்தன. மார்ச் 10ஆம் திகதி டோக்கியோவில் ஒரே இரவில் ஏறத்தாழ 1,00,000 பேர் இறந்திருந்தார்கள். நகரத்துப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பியாயிற்று. ஒசாகாவில் ஆளில்லாத ஒரு தியேட்டரில் இந்தப் படத்தைப் பார்த்தவர்களில் ஒருவன் 16 வயதுப் பொடியன். அவனை அந்தப் படத்தின் பிரசாரம் இழுக்கவில்லை, படங்கள் அசைகிற அழகுதான் இழுத்தது. தானும் ஒருநாள் இப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். அவன்தான் ஒசாமு தெசுக்கா. இரண்டே மாதத்தில், ஜூனில், அவன் வேலைக்கு அமர்த்தப்பட்ட தொழிற்சாலைப் பக்கமும் குண்டு விழுந்தது. காவல் கோபுரத்தில் நின்றிருந்தவன் உயிர் தப்பியது பெரிய விசயம்.

தெசுக்கா மருத்துவம் படித்தார், ஆனால் படம் வரைவதை விடவில்லை. 1947இல் "புதிய புதையல் தீவு" வந்தது. யுத்தத்தில் எல்லாம் இழந்த பிள்ளைகள் அந்த மலிவுப் புத்தகத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். 1952இல் "அட்டம்" தொடங்கியது. அணுசக்தியில் ஓடும் சிறுவன் ரோபோ. அவன் தங்கச்சியின் பெயர் யுரான், அதாவது யுரேனியம். அணுகுண்டு விழுந்து ஏழே வருடம்! அந்தக் கதையில் ஒரு விஞ்ஞானி இறந்துபோன தன் மகனுக்குப் பதிலாக ரோபோவைச் செய்கிறார். அது வளரவில்லை என்று தெரிந்ததும் சர்க்கஸுக்கு விற்று விடுகிறார். 1963 ஜனவரி 1ஆம் திகதி அட்டம் தொலைக்காட்சிக்கு வந்தது. வாரம் ஒரு எபிசோட் கொடுக்க வேண்டும், காசோ குறைவு. அதனால் குறைந்த படங்களை வைத்து, வாயை மட்டும் அசைத்து, பின்னணியை நகர்த்திச் சமாளித்தார்கள். இன்று நீங்கள் பார்க்கும் அனிமேயின் பாணிக்கு அந்த வறுமையும் ஒரு காரணம். என் சொந்தக் கருத்து: பழைய அட்டம் எபிசோட்களை இன்று உட்கார்ந்து பார்ப்பது கஷ்டம். கதைப் புத்தகம்தான் நன்றாக இருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். "புதிய புதையல் தீவை" வாசித்துப் பைத்தியமான பிள்ளைகளில் ஹிரோஷிமாவைச் சேர்ந்த கெய்ஜி நகசாவா என்பவரும் ஒருவர். 1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி காலை அவருக்கு ஆறு வயது. பாடசாலை வாசலில் நின்றுகொண்டிருந்தார். குண்டு வெடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. பாடசாலையின் கொங்கிறீட் மதில்தான் அவரைக் காப்பாற்றியது. வீட்டில் வாப்பா, ராத்தா, தம்பி மூவரும் இடிபாட்டுக்குள் சிக்கி இறந்தார்கள். நிறைமாத உம்மா அதே நாளில் ஒரு பெண்பிள்ளையைப் பெற்றார். அந்தப் பிள்ளையும் சில மாதங்களில் போய்விட்டது. அந்த வருட முடிவுக்குள் ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000.

நகசாவா வளர்ந்து டோக்கியோவுக்குப் போய் மங்கா வரைந்தார், ஆனால் அணுகுண்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. குண்டில் தப்பியவன் என்று தெரிந்தால் சனம் ஒதுக்கும். 1966இல் உம்மா மௌத்தானார். அங்கே உடலை எரித்த பிறகு சொந்தக்காரர்கள் எலும்புகளைப் பொறுக்கி எடுத்து வைப்பது வழக்கம். உம்மாவின் சாம்பலில் எலும்பென்று எடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. கதிர்வீச்சு என் உம்மாவின் எலும்பைக் கூட விட்டு வைக்கவில்லையே என்ற கோபத்தில்தான் அவர் அணுகுண்டைப் பற்றி வரையத் தொடங்கினார்.

1973இல் தொடங்கிய அந்தக் கதைதான் "வெறுங்கால் கென்". எந்தச் சஞ்சிகையில் தெரியுமா? வாராந்த ஷோனென் ஜம்ப். பிற்காலத்தில் டிராகன் போல், வன் பீஸ், நருட்டோ எல்லாம் வந்த அதே சஞ்சிகை! என் மாணவன் வரைந்த நருட்டோவும் ஹிரோஷிமாவில் எரிந்த பிள்ளையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நருட்டோவை வரைந்த மசாஷி கிஷிமொதோ பிறந்தது 1974இல், கென் ஜம்பிலிருந்து வெளியேறிய வருடம். பிறகு கென் வேறு சஞ்சிகைகளில் தொடர்ந்தான், அதில் ஒன்று ஜப்பான் ஆசிரியர் சங்கத்தினுடையது. மொத்தம் 10 தொகுதிகள். 1983இல் அனிமேப் படமாகவும் வந்தது.

எனக்கு இந்தக் கதை ஏன் எல்லாவற்றுக்கும் மேலே என்றால், நகசாவா தன் நாட்டை அப்பாவியாகக் காட்டவில்லை. கதையில் கென்னின் தகப்பன் யுத்தத்தை எதிர்த்ததற்காகத் துரோகி என்று ஊரே ஒதுக்குகிறது. பக்கத்து வீட்டுக் கொரியரை ஜப்பானியர்கள் எப்படி மிதித்தார்கள் என்று காட்டுகிறார். கடைசித் தொகுதிகளில் ஜப்பானியச் சிப்பாய்கள் ஆசிய நாடுகளில் செய்த அநியாயங்களையும் மறைக்காமல் சொல்கிறார். குண்டு போட்ட அமெரிக்காவையும் விடவில்லை, யுத்தத்துக்குக் கூட்டிப்போன தன் ஆட்சியாளர்களையும் விடவில்லை. சொந்தக் குடும்பத்தைப் பறிகொடுத்த ஒருவர் இப்படி எழுதுவது லேசான விசயமா?

அதற்கு அவர் விலையும் கொடுத்தார். 2012 டிசம்பரில் நகசாவா இறந்தார். அதே மாதம் மட்சுயே என்ற நகரத்தின் கல்விச் சபை, பாடசாலை நூலகங்களில் பிள்ளைகள் தாமாக எடுக்க முடியாதபடி கென்னை உள்ளே வைக்கச் சொன்னது. காட்டிய காரணம், அந்தச் சிப்பாய்களின் கொடூரக் காட்சிகள். செய்தி வெளியே வந்து எதிர்ப்புக் கிளம்பியதும் 2013 ஆகஸ்டில் அந்தத் தடையை எடுத்தார்கள். 2023இல் ஹிரோஷிமா நகரமே தன் சமாதானக் கல்விப் பாடத்திலிருந்து கென்னை நீக்கியது. நோயாளித் தாய்க்காகச் சிறுவன் அடுத்தவன் குளத்து மீனைத் திருடும் காட்சி இன்றைய பிள்ளைகளுக்குப் பிழையாக விளங்கும் என்றார்கள். பசி தெரியாத பிள்ளைகளுக்கு விளங்காதுதான். அதை விளங்கப்படுத்தத்தானே ஆசிரியர் இருக்கிறார்?

அடுத்தது "மின்மினிகளின் கல்லறை". 1988, ஜிப்லி நிறுவனம். இயக்கியவர் இசாவோ தகஹாதா. அவரும் ஒன்பது வயதில் ஒகயாமா குண்டுவீச்சில் ராத்தாவோடு வெறுங்காலில் ஓடித் தப்பியவர். மூலக்கதையை எழுதிய அகியுகி நொசாகா யுத்த காலத்தில் தன் குட்டித் தங்கச்சியைப் பட்டினியில் இழந்தவர். கிடைத்த சாப்பாட்டைத் தானே சாப்பிட்டு விட்டேன் என்ற குற்ற உணர்ச்சி அவரை விடவில்லை. கதையில் வரும் அண்ணன் அவரை விட நல்லவன். தான் இருந்திருக்க வேண்டிய அண்ணனை எழுதினார் என்றுதான் எனக்குப் படுகிறது. நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அந்த மிட்டாய்த் தகர டப்பாவை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தைரியமில்லை. தயவுசெய்து சின்னப் பிள்ளைகளைத் தனியே பார்க்க விடாதீர்கள்.

கடைசியாக நருட்டோ. இழுவை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நாலாம் நிஞ்சா யுத்தம் முடிவதற்குள் நமக்கு நரை வந்துவிடும். ஆனால் பெயின் வருகிற பகுதியைக் கவனியுங்கள். அவன் பிறந்தது ஒரு குட்டி நாட்டில். பெரிய நாடுகள் சண்டை பிடிப்பதற்கு மைதானமாகிப் போன நாடு. வாப்பா, உம்மா இருவரையும் அந்தச் சண்டையில் இழந்தவன், "நீ பழிவாங்கினால் நீதி, நான் பழிவாங்கினால் மட்டும் குற்றமா?" என்ற பொருள்படக் கேட்கும்போது நருட்டோவிடம் உடனே பதில் இல்லை. அவன் உயிராய் நேசித்த கிராமமும் ஒரு குலத்தையே அழித்துவிட்டு அதை மறைத்து வைத்திருந்தது பிறகு தெரியவருகிறது. சிறுவர் படம் என்று நாம் தள்ளுகிற ஒன்றில் இவ்வளவு பாரமான கேள்வி இருக்கிறது.

மொமொதாரோவும் சித்திரம்தான், கென்னும் சித்திரம்தான். ஒன்று பிள்ளைகளுக்கு யுத்தத்தை விளையாட்டாகக் காட்டியது, மற்றது அதே யுத்தம் பிள்ளைகளை என்ன செய்தது என்று காட்டியது. ஆகவே "கார்ட்டூன் பார்க்காதே" என்பதோடு நிறுத்தாமல், என்ன பார்க்கிறாய், அதில் யார் யாருக்கு அநியாயம் செய்கிறான், ஏன் என்று கேளுங்கள். பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் வன்செயலின் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான். நாம் பட்டதை மட்டும் சொல்லி வளர்த்தால் அது கோபமாக மட்டுமே மிஞ்சும். மற்றவர் பட்டதையும் சேர்த்துச் சொல்லும் துணிச்சலைத்தான் நான் நகசாவாவிடம் படித்தேன்.

அடுத்த நாள் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். வகுப்புக்கு முன்னால் ஏசியதால், வகுப்புக்கு முன்னாலேயே பிழை என் மீது என்றும் சொன்னேன். பிறகு அந்தப் பாடவேளை முழுக்க இந்தக் கதைதான். மணி அடித்த பிறகு அவன் வந்து, "சேர், அந்தக் கென் புத்தகம் எங்கட லைப்ரரியில இருக்கா?" என்று கேட்டான். இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர் உறவுகள் யாராவது விடுமுறையில் வரும்போது "வெறுங்கால் கென்" ஆங்கிலத் தொகுதிகளில் ஒன்றையாவது கொண்டு வந்து தாருங்கள். முதலாம் தொகுதி போதும். நூலகத்தின் முன் இறாக்கையிலேயே வைப்போம், இன்ஷா அல்லாஹ். உங்களுக்குப் பிடித்த தொடர் எது, ஏன் என்பதையும் கீழே எழுதுங்கள். வன் பீஸ் ஆட்கள் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும், நான் இன்னும் முடிக்கவில்லை. ஆயிரம் எபிசோட் தாண்டிப் போகிறதை எப்போது முடிப்பது!