கையும் கெண்டியும்: முப்பரிமாண அசைவூட்டத்தின் முதற்பாடங்கள்

முப்பரிமாண உருவங்களை ஆக்கி அசைவூட்டும் பிளெண்டர் மென்பொருளை முதன்முறையாகத் திறக்கும் மாணவர், திரையின் நடுவே ஒரு கனசதுரத்தைக் காண்கிறார். அதனைச் சுற்றிலும் பட்டியல்களும் பொத்தான்களும் நிறைந்துள்ளன. அவை அனைத்தையும் மனனம் செய்தாலன்றி இக்கலை கைகூடாது எனக் கருதிப் பலர் தொடக்கத்திலேயே விலகிவிடுகின்றனர். இத்துறையின் வரலாறோ வேறொரு தொடக்கத்தை நமக்குக் காட்டுகிறது.

1972ஆம் ஆண்டு, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக மாணவர் எட் கேட்மல் தம் இடக்கையின் வடிவைச் சாந்தில் வார்த்தெடுத்தார். அவ்வார்ப்பின்மீது ஏறத்தாழ 350 முக்கோணங்களையும் பல்கோணங்களையும் மையினால் வரைந்தார். அவற்றின் முனைகளை அளந்து கணினியில் பதிவு செய்தார். சக மாணவர் பிரெட் பார்க்குடன் இணைந்து அவர் ஆக்கிய குறும்படத்தில் அந்தக் கை விரல்களை மடக்கி நீட்டியது. பின்னாளில் பிக்சார் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவரானார்.

அதே பல்கலைக்கழகத்தில் 1975ஆம் ஆண்டு மார்ட்டின் நியூவெல் ஆய்வுக்கேற்ற பொருளொன்றைத் தேடினார். வீட்டில் தேநீர் அருந்துகையில் அவர்தம் துணைவியார் சாண்ட்ரா, மேசைமீதிருந்த தேநீர்க் கெண்டியையே பயன்படுத்தலாம் என்றார். வளைந்த வயிறும், துளையுள்ள கைப்பிடியும், தன்மீதே நிழல் வீழ்த்தும் மூக்கும் அதற்கு இருந்தன. நியூவெல் அதனைக் கட்டத்தாளில் கையால் வரைந்து புள்ளிகளைக் குறித்தார். இன்றும் 3டிஎஸ் மேக்ஸ் மென்பொருளின் ஆயத்த வடிவங்களுள் அக்கெண்டி இடம்பெற்றுள்ளது.

இவ்விருவருக்கும் வாய்க்காத எளிமையை இன்றைய கருவிகள் தருகின்றன. நெதர்லாந்தைச் சேர்ந்த டான் ரூசெண்டால் உருவாக்கிய பிளெண்டர், அதனை வெளியிட்ட நிறுவனம் 2002இல் மூடப்பட்டபோது மறையும் நிலைக்கு வந்தது. ஆர்வலர்கள் ஏழே வாரங்களில் 100,000 யூரோ திரட்டி அதன் மூலநிரலை மீட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 13ஆம் நாள் அது கட்டற்ற மென்பொருளாக வெளியாயிற்று. அம்மென்பொருளைக் கொண்டு ஆக்கப்பட்ட லாட்வியத் திரைப்படமான 'புளோ', 2025இல் ஆஸ்கர் விருது பெற்றது.

ஆகவே விலை இன்று தடையன்று. பொருளை உற்றுநோக்கி, அதனை முனை, விளிம்பு, முகம் எனப் பகுத்துக் காணும் பயிற்சியே தேவை. அதனை நம் வகுப்பறையில் தமிழிலேயே தொடங்கலாம். வீட்டிலுள்ள சொம்பு ஒன்றின் அரைப்பக்க வெளிக்கோட்டை மாணவர் கட்டத்தாளில் வரையட்டும். அப்புள்ளிகளைத் திரையில் இட்டு, நடு அச்சைச் சுற்றிச் சுழற்றினால், குயவர் சக்கரத்தில் எழுவதுபோல் சொம்பு உருப்பெறும். அது சாயத் தொடங்கும் நிலையையும் சாய்ந்து முடியும் நிலையையும் குறித்தால், இடைப்பட்ட அசைவுகளை மென்பொருளே கணித்துத் தரும். பொத்தான்களின் பெயர்களை மாணவர் தேவைப்படும்போது ஒவ்வொன்றாக அறிந்துகொள்வார்.