வளைய மறுக்கும் தகடு

மாமாவிடம் 1995-ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா ஒன்று இருக்கிறது. போன வருடம் அதற்குப் புதுச் சாயம் அடித்தபோது, போனட் முனையில் தாத்தா செய்த பித்தளை ரப்பர் இலையைப் பதிக்க வேண்டும் என்றார். தாத்தா தோட்டத்து ரப்பர் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். வேலையை விட்டு நிற்கும் முன், தட்டையான பித்தளைத் தகட்டில் ஒரே காம்பில் மூன்று இலைகளாக அதை அறுத்து அரம் போட்டு வைத்திருந்தார். உள்ளங்கை அளவு இருக்கும். "நீதான் இன்ஜினியராச்சே, ஒட்டிக் குடு" என்று மாமா என்னிடம் நீட்டினார்.

இரட்டைப் பக்க டேப் போட்டு, பத்து நிமிடம் கையால் அழுத்திப் பிடித்தேன். இரண்டே வாரத்தில் மூன்று நுனிகளும் தூக்கிக்கொண்டன. "வெயில் தாங்கல மாமா" என்று சமாளித்தேன். ஆனால் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் இயந்திரவியல் படித்தவன் சொல்கிற பதிலா அது? எனக்கே கூச்சமாக இருந்தது. பிறர் இதை எப்படிச் செய்தார்கள் என்று தேடப் போய், கடைசியில் கலிபோர்னியாவில் போய் நின்றேன்.

1940களிலும் 50களிலும் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துப் பட்டறைகளில், பழைய ஃபோர்ட், மெர்குரி கார்களை இளைஞர்கள் தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொண்டார்கள். முதல் வேலையே கம்பெனிச் சின்னத்தைப் பிடுங்குவதுதான். போனட்டில் பிடுங்கினால் ‘நோசிங்’, பின்பக்க மூடியில் பிடுங்கினால் ‘டெக்கிங்’. சின்னத்தின் ஆணிகள் இருந்த துளைகளை ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவையால் அடைத்தார்கள். 70 பங்கு ஈயம், 30 பங்கு வெள்ளீயம் என்றால், அது சுமார் 183 டிகிரிக்கும் 255 டிகிரிக்கும் நடுவில் பாகு போல நிற்கும். மரக்கட்டையால் அதை இழுத்துத் தேய்த்துவிடலாம். இப்படி ஈயம் பூசிய கார்களுக்கு ‘லெட் ஸ்லெட்’ என்றே பெயர் வந்துவிட்டது.

ஒரு பெயரை அழித்தவர்கள் அங்கே இன்னொரு பெயரை வைக்கத்தானே செய்வார்கள்? சாம் பேரிஸ், ஜார்ஜ் பேரிஸ் என்ற கிரேக்க வம்சாவளிச் சகோதரர்கள், ஆங்கிலத்தில் ‘சி’யில் தொடங்கும் ‘கஸ்டம்’ என்ற சொல்லை ‘கே’ போட்டு எழுதித் தங்கள் பட்டறைப் பெயராக்கினார்கள். அவர்கள் செய்த கார்களில் அவர்களுடைய சின்னமும் ஏறியது. பாப் ஹிரோஹாட்டா என்பவரின் 1951 மெர்குரி அவர்களுடைய புகழ்பெற்ற வேலை. கூரையை வெட்டித் தாழ்த்தி, பக்கவாட்டில் 1952 பியூக் காரின் பளபளப்பான பட்டையைப் பொருத்தினார்கள். ஒரு காரின் உடம்புக்காகச் செய்த உலோகத்தை இன்னொரு காரின் உடம்பில் உட்கார வைக்கிற வேலை அது.

தொழிற்சாலைக்கு இந்தச் சிக்கல் இல்லை. காரின் வளைவுக்கு ஏற்ற அச்சிலேயே சின்னத்தை அடித்துவிடலாம். பட்டறைக்காரரிடம் அச்சு கிடையாது. மரச்சுத்தியும் மணல் மூட்டையும் கண் அளவும்தான்.

இதில் உள்ள கஷ்டத்தை 1827-லேயே காவுஸ் கணக்காகச் சொல்லிவிட்டார். தட்டையான ஒன்றை ஒரு திசையில் சுருட்டலாம். மைலோ டின்னைக் காகிதத்தால் சுற்றினால் அழகாக உட்காரும். அதே காகிதத்தைப் பந்தின் மேல் ஒட்டினால் சுருங்கும், இல்லை கிழியும். இரண்டு திசையிலும் வளைந்த பரப்பில் தட்டையான ஒன்று படிய வேண்டுமானால், அது எங்காவது நீளவோ குறுகவோ வேண்டும். வீராவின் போனட் முனை இரண்டு பக்கமும் வளைந்தது. நான் அழுத்தியபோது தகடு வளைந்த மாதிரி நடித்தது, அவ்வளவுதான். கையை எடுத்ததும் உள்ளே இருந்த விறைப்பு நுனிகளை மேலே இழுத்தது. டேப் முழுப் பரப்பில் நன்றாகத் தாங்கும், ஓரத்திலிருந்து உரித்தால் விட்டுவிடும். வெயில் குற்றவாளி அல்ல, உடந்தை.

அந்தக் கால எனாமல் சின்னங்களில் இந்த விதி இன்னும் கறாரானது. எனாமல் என்பது உருக்கிய கண்ணாடி. முதலில் உலோகத்தை வளைத்துவிட்டுத்தான் எனாமல் சுட வேண்டும். பிறகு வளைத்தால் வெடிக்கும். கார் குழுக்கள் வேறு வழி பிடித்தன. வார்ப்பு அலுமினியப் பெயர்ப்பலகையைத் தட்டையாகவே விட்டு, பம்பருக்குக் கீழே தொங்கவிட்டார்கள். மெக்சிகோ வம்சாவளி லோரைடர்கள் பின் கண்ணாடிக்குள் நிறுத்தி வைத்தார்கள். வளையவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

நம் ஊரில் கதை கொஞ்சம் வேறு. 1985-இல் வந்த சாகாவும் 1993-இல் வந்த வீராவும் மிட்சுபிஷி கார்களை அடிப்படையாகக் கொண்டவை. அதனால் புரோட்டோன் சின்னத்தைக் கழற்றிவிட்டு மூன்று வைரத்தை மாட்டாத பையன்கள் குறைவு. இதே காரில் அண்ணனும் மாட்டியிருந்தார். ஜப்பான் சின்னம் என்றால் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும். ரப்பர் இலைக்கு யார் அச்சு செய்து வைத்திருப்பார்கள்?

சாயம் அடித்த பட்டறையின் சீனப் பெரியவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜாங்கான் பக்சா" என்றார். வற்புறுத்தாதே. தீயில் காட்டி இளக்கச் சொன்னார். பித்தளையை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கினால் அதன் விறைப்பு போய்விடும் என்று நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் தாத்தாவின் கைவேலையில் வீட்டில் மிஞ்சியது இது ஒன்றுதான். கேஸ் விளக்கைப் பற்றவைக்கவே கால் மணி நேரம் ஆனது.

இலை கறுத்து வெளியே வந்தது. மாமா ஒன்றும் பேசவில்லை. மணல் மூட்டையில் வைத்து மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டினேன். போனட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, வைத்துப் பார்ப்பதும் திரும்பத் தட்டுவதுமாக ஒரு மத்தியானம் போனது. அப்போதுதான் ஒன்று புரிந்தது. மூன்று இலைகளுக்கும் நடுவில் இடைவெளி இருந்ததால், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வளைக்க முடிந்தது. அகலம் குறைந்தால் உலோகம் நீள வேண்டிய அளவும் வெகுவாகக் குறையும். முழு வட்டத் தகடாக இருந்திருந்தால் நான் தோற்றிருப்பேன். தாத்தா காருக்காக அதை அறுக்கவில்லை. தினமும் பார்த்த இலையை அப்படியே அறுத்தார்.

கறுப்பைத் தேய்த்து எடுத்தபோது ஓரத்தில் அவருடைய அரத் தடங்கள் அப்படியே இருந்தன. அழுத்தாமலே இலை போனட்டில் படிந்து உட்கார்ந்தது. அதன் பிறகுதான் டேப் ஒட்டினேன். ஒரு வருடம் ஆகிறது. மாமா இன்றும் காரில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு நுனியிலும் நகத்தை விட்டுப் பார்க்கிறார். நகம் உள்ளே போவதில்லை.